செய்தவர் பெயர் எங்கே?

களிமண்ணில் விரல்நுனி அளவுக்கு ஒரு முத்திரை. பொருளின் விலையையும், அதற்கு யார் பொறுப்பு என்பதையும், சில நேரங்களில் ஒரு நாட்டின் பழங்கால வரலாற்றையும் அது தீர்மானித்திருக்கிறது. நம் ஊர்க் கைவினைஞர்கள் அதை இப்போது கையில் எடுக்கிறார்கள்.

கல்யாண சீசனில் எந்த ஊர்ப் பாத்திரக்கடைக்குள் நுழைந்தாலும் அந்தச் சத்தம் கேட்கும். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். அதில் உட்கார்ந்திருக்கும் இளைஞர் எவர்சில்வர் தூக்கு ஒன்றை மடியில் கவிழ்த்து வைத்து, பேனா மாதிரியான மெஷினால் ‘டர்ர்ர்’ என்று பெயர் வெட்டிக்கொண்டிருப்பார். எதிரே பெண் வீட்டார் துண்டுச் சீட்டோடு நிற்பார்கள். குடத்துக்குப் பெண்ணின் பெயர், அண்டாவுக்குத் தாத்தா பாட்டி பெயர், தாம்பாளத்துக்கு ‘அன்பளிப்பு’ என்று போட்டு அத்தை மாமா பெயர். இனிஷியல் தப்பிவிடக் கூடாது. தேதியும் வேண்டும். வெட்டி முடித்ததும் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, எழுத்தெல்லாம் சரியா என்று அம்மா ஒரு தடவை படித்துப் பார்ப்பார்.

வாங்கியவர் பெயர் இருக்கிறது. கொடுத்தவர் பெயர் இருக்கிறது. விற்ற கடையின் பெயர் பையில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதே சீர்வரிசையில் இருக்கும் நாச்சியார்கோவில் குத்துவிளக்கை வார்த்து, கடைந்து, பளபளப்பாக்கியவர் பெயர் எங்கேயும் இருக்காது. இதை ஒரு குறையாக நாம் நினைத்ததுகூட இல்லை.

இப்போது சிலர் நினைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். வார இறுதிக் கைவினைச் சந்தைகளில் ஒரு மண் கோப்பையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரு பூவோ, மீனோ, இரண்டெழுத்தோ பதிந்திருக்கும். கையால் செய்த சோப்பில், தோல் பர்ஸின் உள்மடிப்பில், மரக் கரண்டியின் காம்பில் அதேபோல ஒரு குறி. களிமண்ணுக்கென்றும் தோலுக்கென்றும் மரத்துக்கென்றும் தனித்தனியாக முத்திரை வெட்டிக் கொடுப்பது இன்று ஒரு தொழில். செய்தவர் தன் பெயரைப் பொருளில் பதிப்பது உலகத்துக்குப் பழைய செய்திதான். அதற்கான மிக நல்ல சாட்சிகளில் ஒன்று நம் கடற்கரையிலேயே கிடைத்தது.

அரிக்கமேட்டில் கிடைத்த பெயர்கள்

1944. இந்தியத் தொல்லியல் துறையின் புதிய தலைமை இயக்குநர் மார்ட்டிமர் வீலர் சென்னை அருங்காட்சியகத்தில் ஓர் அலமாரியைத் திறக்கிறார். உள்ளே மத்தியதரைக் கடல் நாட்டு மதுச் சாடி ஒன்றின் கழுத்துப் பகுதி. எங்கிருந்து வந்தது என்று விசாரித்துக்கொண்டு அவர் புதுச்சேரிக்குப் போனார். அங்கே அவர் பார்த்தது அதைவிடப் பெரிய புதையல்: சிவந்த, வழவழப்பான, மெல்லிய தட்டுகளின் உடைசல்கள். இத்தாலியின் அரெட்சோ நகரத்துப் பட்டறைகளின் சரக்கு அது. அடுத்த ஆண்டே புதுச்சேரிக்குத் தெற்கே சுமார் 4 கிலோமீட்டரில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், அரிக்கமேட்டு அகழாய்வு தொடங்கியது.

அங்கே கிடைத்த ஓடுகளில் சிலவற்றில் முத்திரை இருந்தது. விபியெ, கமுரி, இட்டா. இத்தாலியப் பட்டறைகளின் பெயர்கள். தட்டைக் கவிழ்த்துத் தேட வேண்டியதில்லை. உள்பக்கம், சரியாக நடுவில், பெயரைப் பதிப்பது அந்தப் பட்டறைகளின் வழக்கம். சாப்பிட்டு முடித்தவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

அந்தச் சின்ன முத்திரைகளால் என்ன ஆனது என்பதுதான் முக்கியம். அதுவரை தென்னிந்தியத் தொல்பொருள்களுக்கு நம்பிக்கையான காலக்கணக்கு கிடையாது. எந்தப் பானை எந்த நூற்றாண்டு என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். அரெட்சோவில் எந்தப் பட்டறை எப்போது இயங்கியது என்பது ஐரோப்பிய ஆய்வாளர்களுக்குத் தெரியும். அந்த வகைத் தட்டுகளின் உற்பத்தி கி.பி. 45 வாக்கில் ஓய்ந்தது என்ற கணக்கை வீலர் எடுத்துக்கொண்டார். அதே மண்ணடுக்கில் கிடந்த உள்ளூர்ப் பானைகளுக்கும் அதை வைத்தே காலம் குறித்தார். பிறகு அதே மாதிரிப் பானை வேறு ஊரில் கிடைத்தால் அந்த ஊருக்கும் ஒரு தேதி கிடைத்தது. 1989 முதல் 1992 வரை அங்கே மீண்டும் அகழ்ந்த விமலா பெக்லி அந்தக் கணக்கில் பலவற்றைத் திருத்தினார். ஆனாலும் திருத்துவதற்கு ஒரு கணக்கு இருந்ததே, அதற்குக் காரணம் எங்கோ ஒரு குயவர் ஈரமண்ணில் பெயரை அழுத்தியதுதான்.

அரெட்சோ முத்திரைகளில் இன்னொரு விஷயமும் உண்டு. அங்கே மண் பிசைந்தவர்களில் பலர் அடிமைகள். மார்க்கஸ் பெரென்னியஸ் என்பவரின் புகழ்பெற்ற பட்டறையில் முதலாளியின் பெயரோடு கெர்டோ போன்ற அடிமைத் தொழிலாளியின் பெயரையும் சேர்த்துப் பதித்தார்கள். யார் எவ்வளவு செய்தார் என்ற கணக்குக்காக இருக்கலாம், தரம் பார்ப்பதற்காக இருக்கலாம். அவர்கள்மீது பரிவு கொண்டு செய்தது என்று சொல்ல முடியாது. என்றாலும் இரண்டாயிரம் ஆண்டு கழித்து நமக்கு அந்த மனிதரின் பெயர் தெரிகிறது.

ரோமானியச் சிவப்புத் தட்டுகள் அன்று கால் எனப்பட்ட இன்றைய பிரான்ஸ் பகுதியிலும் பின்னாளில் செய்யப்பட்டன. அங்கிருந்து கிடைத்த குயவர் முத்திரைகளை மட்டும் தொகுத்து 2008இல் தொடங்கி 9 தொகுதிகளாக ஓர் அகராதி வந்திருக்கிறது. சுமார் 5,000 பெயர்கள். ஒரு பேரரசின் பானை செய்தவர்களுக்கு வருகைப் பதிவேடே கிடைத்துவிட்டது.

ஆதன் யார்?

நம் பக்கம் என்ன இருக்கிறது? கீழடி, கொடுமணல், ஆதிச்சநல்லூர் என்று எங்கே தோண்டினாலும் குறியீடு கீறிய ஓடுகள் வருகின்றன. கீழடியில் தமிழி எழுத்தில் ‘ஆதன்’, ‘குவிரன்’ போன்ற பெயர்கள். படித்தபோது நாமெல்லோரும் பூரித்துப் போனோம். பூரிக்க வேண்டியதுதான்.

ஆனால் அந்தப் பெயர்களில் பெரும்பாலானவை சூளையில் சுட்ட பிறகு கூர்மையான கருவியால் கீறப்பட்டவை. கையெழுத்தும் ஒன்றுபோல் இல்லை. அதனால் குயவர் எழுதியதாக இல்லாமல், பானையை வைத்திருந்தவர்களே எழுதிக்கொண்டது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அக்காலத்தில் எழுத்தறிவு எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். அதே சான்று இன்னொன்றையும் சொல்கிறது: பாத்திரத்தில் உடைமைக்காரர் பெயரைப் போடுவது நமக்கு ஈராயிரம் ஆண்டுப் பழக்கம்.

புறநானூற்றின் 228ஆம் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். சோழன் கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் பாடியது. அவனுக்கு எவ்வளவு பெரிய தாழி வனைய வேண்டியிருக்கும் என்று ஒரு குயவரைப் பார்த்துக் கேட்பதாக அமைந்தது. இறந்த அரசன் பெயர் தெரியும், பாடிய புலவர் பெயர் தெரியும். அந்தக் குயவர் பெயர் தெரியாது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் என்ற பெயரைப் படிக்கும்போது நமக்கு மெய்சிலிர்ப்பது, அப்படிப்பட்ட இடங்கள் அவ்வளவு அரிது என்பதால்தான்.

◼ பெட்டிச் செய்தி: முத்திரையின் பாதை

▪ சீனாவில் மிங் ஆட்சிக் காலத்தில், 14ஆம் நூற்றாண்டில் எழுந்த நான்ஜிங் கோட்டைச் சுவரின் செங்கற்களில் அறுத்தவர் பெயரும் மேற்பார்த்த அதிகாரி பெயரும் உண்டு. கல் உடைந்தால் யாரைக் கேட்பது என்பதற்காக.

▪ இங்கிலாந்தில் வெள்ளிப் பொருள்களுக்குச் சிறுத்தைத் தலை முத்திரை 1300இல் சட்டமானது. செய்தவரின் குறியும் கட்டாயம் என்ற விதி 1363இல் வந்தது.

▪ ஜெர்மனியின் மைசன் பீங்கான் ஆலையின் குறுக்கு வாள் சின்னம் 1720களிலிருந்து புழக்கத்தில் உள்ளது.

▪ அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்றது. பழைய பீங்கான் தட்டின் அடியில் ‘இங்கிலாந்து’ என்று இருந்தால் அது 1891க்குப் பிந்தையது என்று சேகரிப்பாளர்கள் கணிப்பது இதனால்தான்.

▪ ஜப்பானின் பிசென் ஊரில் பெரிய பொதுச் சூளைகளில் பல குடும்பங்களின் பானைகள் ஒன்றாக வெந்தன. எது யாருடையது என்று பிரிக்கவே அங்கே குறிகள் வந்தன.

செங்கல்லில் முதலாளி, நகையில் கடை

தமிழ்நாட்டில் முத்திரையே இல்லை என்று சொல்ல முடியாது. பழைய வீட்டைப் பிரிக்கும்போது மங்களூர் ஓடு ஒன்றைப் புரட்டிப் பார்த்தால் ஆலையின் பெயர், ஊர், சில சமயம் ஆண்டு எல்லாம் புடைப்பெழுத்தில் நிற்கும். பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் ஆலை தொடங்கியபோது வந்த வழக்கம் அது. சேம்பர் செங்கல்லின் குழியில் இரண்டு மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். சூளை முதலாளியின் இனிஷியல், அல்லது அவர் பிள்ளைகளின் முதலெழுத்துகள்.

அந்தச் செங்கல்லை அறுத்தவர் யார்? ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேசி, முன்பணம் வாங்கி, குடும்பத்தோடு சூளையிலேயே தங்கி, விடிவதற்கு முன்னால் மண் மிதிக்கத் தொடங்குபவர். அச்சில் மண்ணை அறைந்து வழித்துக் கவிழ்க்கும் ஒவ்வொரு தடவையும் முதலாளியின் எழுத்தை அவர் கையே பதிக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை நூறு முறை! அவர் பெயரின் ஓரெழுத்துக்கும் அந்தக் குழியில் இடமில்லை.

தங்கத்திலும் இதே கதை. 2021 ஜூலைக்கு முன் ஹால்மார்க் நகையில் நான்கு குறிகள் இருந்தன: பி.ஐ.எஸ். சின்னம், தரம், பரிசோதனை மையத்தின் குறி, நகைக்கடையின் குறி. இப்போது மூன்று: சின்னம், தரம், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளம். 2023 ஏப்ரல் 1 முதல் இந்த ஆறு இலக்கம் இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. நுகர்வோருக்கு இது பெரிய பாதுகாப்பு, சந்தேகமில்லை. ஆனால் நான்கு குறி இருந்த காலத்திலும் சரி, மூன்றான பிறகும் சரி, நெருப்பின் முன் குனிந்து அந்த நகையைச் செய்த பத்தருக்கு ஒரு குறி இல்லை.

முத்திரை வேண்டுமா வேண்டாமா என்பதைவிட யாருடைய முத்திரை என்ற கேள்விதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சென்னையிலோ கோவையிலோ ஒருவர் நல்ல பெயராக ஒன்று வைத்து, அழகான சின்னம் வரைந்து, கிராமத்துக் குயவரிடம் ஆர்டர் கொடுத்து, தன் முத்திரையை அவர் கையாலேயே அழுத்தச் சொன்னால், அங்கே புதிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. செங்கல் சூளை கொஞ்சம் அழகாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

டேவ் என்று எழுதியவர்

அமெரிக்காவின் தென் கரோலினாவில் எட்ஜ்ஃபீல்ட் என்ற ஊர். 1800ஐ ஒட்டிப் பிறந்த ஒரு கறுப்பின அடிமை அங்கே குயவர். உப்பிட்ட இறைச்சி சேமிக்கும் பிரம்மாண்டமான ஜாடிகள் வனைந்தார். சிலவற்றில் 150 லிட்டர் பிடிக்கும். அடிமைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தருவதைத் தடுக்கும் சட்டம் 1834இல் அந்த மாநிலத்தில் வந்தது. அதற்குப் பிறகும் ஈர ஜாடியின் தோளில் ‘டேவ்’ என்று கையெழுத்திட்டுத் தேதி போட்டார். சிலவற்றில் சொந்தமாக ஈரடிக் கவிதைகளும் எழுதினார். பக்கத்திலேயே அவருடைய எஜமானரின் இனிஷியலும் இருக்கும். ஒரே ஜாடியில் இரண்டு பேர்: ஜாடிக்கும் அதைச் செய்தவருக்கும் தன்னை உரிமையாளர் என்று சொல்லிக்கொண்டவர் ஒருவர், செய்தவர் ஒருவர்.

உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை கிடைத்தபின் டேவிட் டிரேக் என்ற பெயரில் வாழ்ந்து, 1870களில் இறந்துபோனார். 2021இல் அவருடைய 1858ஆம் ஆண்டு ஜாடி ஒன்று 15.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதைவிடப் பெரிய செய்தி 2025இல் வந்தது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் தன்னிடமிருந்த அவருடைய இரண்டு ஜாடிகளின் உரிமை அவர் வாரிசுகளுக்கே உரியது என்று ஒப்புக்கொண்டது. செய்த பொருளுக்கு அவருக்குக் கூலி கிடைத்ததில்லை. அதில் இருந்த பெயர் அவர் வழித்தோன்றல்கள் கைக்கு ஓர் உரிமையைக் கொண்டுவந்து சேர்த்தது. அதே ஊரில் அதே காலத்தில் ஜாடி செய்த மற்ற அடிமைகளின் வாரிசுகள் எதைக் காட்டிக் கேட்பார்கள்?

பெயர் வேண்டாம் என்றவர்கள்

எதிர்த்தரப்பு வாதமும் வலுவானது. ஜப்பானின் யானகி சோயெட்சு, பெயர் தெரியாத கைவினைஞர் அன்றாடப் புழக்கத்துக்குச் செய்யும் பொருளில்தான் உண்மையான அழகு இருக்கிறது என்றார். அவருடைய நண்பர் ஹமாடா ஷோஜி இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய குயவர்களில் ஒருவர். இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் பெர்னார்ட் லீச்சோடு 1920இல் பட்டறை தொடங்கியபோது முத்திரை வைத்திருந்தார். ஜப்பான் திரும்பிய பின் அதை விட்டுவிட்டார். பானையே தன்னைச் சொல்லட்டும் என்ற நிலை. ஆனால் சந்தை விடவில்லை. அவர் பானைகள் வைத்து விற்கப்பட்ட மரப்பெட்டிகளின் மூடியில் அவர் கையெழுத்து வேண்டியிருந்தது.

இந்தச் சிந்தனையின் ஒரு கிளை புதுச்சேரிக்கு வந்தது. ஜப்பானில் மட்பாண்டம் பயின்று, ஹமாடாவைப் பற்றிய புத்தகப் பணிக்கு மொழிபெயர்த்து உதவிய டெபோரா ஸ்மித்தும், ரே மீக்கரும் 1971இல் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அங்கே பயின்றவர்களும் வேலை பார்த்தவர்களும் தனித்தனிப் பட்டறை வைத்தார்கள். இன்று ‘பாண்டிச்சேரி பாட்டரி’ என்றாலே ஒரு தனி அழகு கண்முன் வருகிறது. அதே ஊருக்கு அருகே இத்தாலியக் குயவர்களின் முத்திரை மண்ணுக்கடியில் கிடந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

யானகியின் பேச்சில் உண்மை இருக்கிறது. அய்யனார் கோயில் குதிரையில் வேளார் கையெழுத்திடுவதில்லை. அங்கே பெயர் போடுவது பொருத்தமும் இல்லை. ஊரே சேர்ந்து நேர்ந்துகொண்டது அது. யார் செய்தார் என்று ஊருக்கே தெரியும். செய்தவரும் வாங்குபவரும் ஒரே தெருவில் இருக்கும்வரை முத்திரைக்கு அவசியம் கிடையாது. பொருள் லாரி ஏறி, கூரியரில் ஏறி, முகம் தெரியாத ஒருவர் சமையலறைக்குப் போகும்போதுதான் பெயரில்லாமல் இருப்பது செய்தவருக்கு நட்டமாகிறது. நடுவில் இருப்பவர்கள் எல்லோருக்கும் பெயர் இருக்க, அவருக்கு மட்டும் இல்லை.

முத்திரை விழும் விதம்

வனைந்த கோப்பையைச் சக்கரத்திலிருந்து அறுத்து எடுத்தவுடன் முத்திரை வைத்தால் மண் ஒட்டிக்கொண்டு வரும், சுவர் சொட்டையாகும். நன்றாகக் காய்ந்த பின் அழுத்தினால் விரிசல் விடும். இரண்டுக்கும் நடுவே ஒரு பதம் இருக்கிறது: விரல் வைத்தால் குளிர்ச்சி தெரியும், ஆனால் விரல் பதியாது. அந்த நேரத்தில் கோப்பையைக் கவிழ்த்து அடியைச் சீவி முடித்ததும், ஒரு விரலை உள்பக்கம் முட்டுக் கொடுத்து, முத்திரையை நேராக வைத்து அழுத்தி, லேசாக நாலு பக்கமும் சாய்த்து, நேராகவே எடுக்க வேண்டும். முறுக்கி எடுத்தால் எழுத்தின் ஓரம் இழுபடும். ஒட்டாமல் இருக்கத் துளி எண்ணெயோ, ஒரு சிட்டிகை சோள மாவோ போதும். அடி மெல்லியதாக இருந்தால் முத்திரை விழுந்த இடத்திலேயே சூளையில் வெடிக்கும். அப்படிப்பட்ட கோப்பைக்குக் கைப்பிடியின் கீழ்நுனிதான் பாதுகாப்பான இடம்.

முத்திரையை எதில் செய்வது? மிக மலிவானதும் பழையதும் மண்ணிலேயே செய்வது. ஒரு சின்ன மண் உருளையின் நுனியில் ஊசியால் செதுக்கி, மிதமான சூட்டில் சுட்டு எடுத்தால் அது ஈரத்தை உறிஞ்சும். அதனால் மண்ணில் ஒட்டவே ஒட்டாது. பித்தளையில் வெட்டியது கூர்மையாக விழும், ஆயுளுக்கும் உழைக்கும். லேசரில் அக்ரிலிக்கில் வெட்டுவதும், 3டி பிரின்டரில் எடுப்பதும் இன்று எளிது. பொருளுக்கேற்ற கருவி வேண்டும் என்பது மட்டும் மாறாது. மரத்துக்குச் சூடேற்றிய பித்தளை. தோலை நனைத்துவிட்டு உலோக அச்சால் அழுத்த வேண்டும். வெள்ளிக்கும் தங்கத்துக்கும் கடினப்படுத்திய எஃகு உளி, ஒரே அடி.

தமிழில் முத்திரை வேண்டும் என்பவர்களுக்குத் தனிச் சவால் உண்டு. ஆங்கிலத்தில் எல், டி, ஹெச் எல்லாம் நேர்கோடுகள். நமக்கு ண, ஞ, ழ என்று சுழி மேல் சுழி. ஒரு சென்டிமீட்டர் முத்திரையில் ‘ண’ போட்டால் உள்சுழிகளில் மண் அடைத்துக்கொள்ளும். மெய்யெழுத்தின் புள்ளி கிளேஸ் பூசியதும் காணாமல் போகும். புள்ளி போனால் பெயரே வேறாகிவிடுகிறது. அதனால் முழுப் பெயரை விட்டுவிட்டு ஓர் எழுத்தோ, எளிய உருவமோ எடுப்பது நல்லது. இன்னொரு வழி தமிழி எழுத்து. ‘க’ ஒரு கூட்டல்குறி, ‘ர’ ஒரு நேர்க்கோடு. பானை ஓட்டில் கீறவே பிறந்தது போன்ற எழுத்து அது. அன்று உடைமைக்காரர் பயன்படுத்திய எழுத்தை இன்று குயவர் எடுத்துக்கொள்ளட்டுமே.

◼ பெட்டிச் செய்தி: முத்திரை செய்யக் கொடுக்கும்முன்

▪ மண் காய்ந்து வெந்ததும் சுருங்கும். உயர்சூட்டு மண்ணில் பொதுவாக நூற்றுக்கு 10 முதல் 13 வரை. 12 சதவீதம் என்றால் 15 மில்லிமீட்டர் முத்திரை 13.2 ஆகும்.

▪ முத்திரையில் எழுத்து புடைத்திருந்தால் மண்ணில் குழியாக விழும். முத்திரையில் குழிந்திருந்தால் மண்ணில் புடைத்து நிற்கும். எது வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். எழுத்து இடவலமாகத் திரும்பியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

▪ கெட்டியான கிளேஸ் குழியை மூடிவிடும். முத்திரை உள்ள இடத்தில் மெழுகு தடவி கிளேஸ் படாமல் விடலாம்.

▪ வணிகச் சின்னமாகப் பதிய விரும்பினால் மண்பாண்டம், பீங்கான், சமையலறைப் பாத்திரங்களுக்கு 21ஆம் வகுப்பு. தனிநபர் இணையவழி விண்ணப்பத்துக்கு வகுப்பு ஒன்றுக்கு 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், புதுப்பிக்கலாம். பதிவாகாத சின்னத்தைப் பதிவானதாகக் காட்டுவது சட்டப்படி கூடாது.

பொறுப்பும் போலியும்

பெயர் போட்டால் பாராட்டு மட்டும் வராது. ஜாடி கசிந்தால், கைப்பிடி கழன்றால், கிளேஸில் ஈயம் இருந்தால், தேடி வருவார்கள். சீனாவில் செங்கல்லில் பெயர் கேட்டது தண்டிப்பதற்காகத்தான். தன் முத்திரையைப் பதிக்கும் குயவர், கோணலான கோப்பையைச் சூளைக்கு அனுப்பும்முன் இரண்டு தடவை யோசிப்பார். இது அவருக்குச் சுமைதான். ஆனால் அந்தச் சுமையைத் தாங்குபவருக்குத்தான் ‘போன வருஷம் உங்களிடம் வாங்கியதே, அதே மாதிரி இன்னும் ஆறு வேண்டும்’ என்ற தொலைபேசி அழைப்பும் வருகிறது. பெயரில்லாத பொருளுக்கு மறு ஆர்டர் கடைக்குத்தான் போகும்.

பெயர் பெரிதானால் போலியும் வரும். ரோமானியப் பேரரசில் ‘ஃபோர்டிஸ்’ என்ற முத்திரையுள்ள அகல் விளக்குகள் அவ்வளவு விற்றன. மற்றவர்கள் அந்த விளக்கையே அச்சாக வைத்து, முத்திரையோடு சேர்த்து வார்த்தெடுத்தார்கள். 1980களின் தொடக்கத்தில் இங்கிலாந்துச் சிறைச்சாலை ஒன்றின் மட்பாண்ட வகுப்பில் கைதிகள் லீச் முத்திரையோடு பானை செய்து, அவை ஏலக் கூடங்கள்வரை போயின. ஆகவே முத்திரை ஒன்றை மட்டும் நம்பிப் பயனில்லை. அது யாருடையது, எப்போதிலிருந்து என்று எங்காவது எழுதி வைத்திருக்க வேண்டும்.

புவிசார் குறியீடு இருக்கிறதே என்பார்கள். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023இல் கிடைத்தது. வில்லியனூர் சுடுமண் வேலைப்பாட்டுக்கும் இருக்கிறது. அதைப் பதியும் அலுவலகமே சென்னையில்தான். நல்ல ஏற்பாடு. ஆனால் அது ஊரைச் சொல்கிறது, ஆளைச் சொல்வதில்லை. அந்தக் குறியீட்டைத் தன் பொருளில் பயன்படுத்த ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்துகொள்ள வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்த விண்ணப்பக் கட்டணம் வெறும் 10 ரூபாய். சக்கரத்தின் முன் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரிடமும் இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும்.

இரண்டு முத்திரை, ஒரு பதிவேடு

செய்ய வேண்டியது கடினமானதல்ல. லீச்சின் பட்டறையில் இரண்டு முத்திரைகள் இருந்தன. அன்றாடச் சரக்குக்குப் பட்டறையின் முத்திரை மட்டும். தனித்துச் செய்த பானையில் அதோடு செய்தவரின் சொந்த முத்திரையும். நம் பட்டறைகள் இன்னும் ஒரு படி மேலே போய், எல்லாச் சரக்கிலும் இரண்டையும் பதிக்கலாம். ஊரின் குறி ஒன்று, கையின் குறி ஒன்று. நகரத்து நிறுவனத்தின் சின்னம் வேண்டுமானால் மூன்றாவதாக இருக்கட்டும்.

அடுத்தது பதிவேடு. ரோமானியக் குயவர்களின் பெயர்களை 9 தொகுதிகளாகத் திரட்ட அறிஞர்கள் உடைசல்களோடு பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. நம் குயவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், நேரில் போய்க் கேட்கலாம். மானாமதுரையில் மண்பாண்டத் தொழிலாளர்களுக்குக் கூட்டுறவுச் சங்கமே இருக்கிறது. ஒரு கனத்த நோட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் ஒருவர் பெயர், அவர் முத்திரை பதித்த சுட்ட மண்வில்லை ஒன்று, எந்த ஆண்டிலிருந்து பயன்படுத்துகிறார் என்ற குறிப்பு. வில்லையின் படத்தை மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒரு பிரதி, அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு பிரதி. பூம்புகார் விற்பனை நிலையங்கள் விலைச்சீட்டில் அந்த நோட்டின் பக்க எண்ணை அச்சிட்டால், செய்தவர் யார் என்ற கேள்விக்கு வாங்குபவருக்குக் கவுன்டரிலேயே பதில் கிடைக்கும். சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டால் போதும், முதல் பக்கத்தை அன்றைக்கே எழுதிவிடலாம்.